மூன்று அடிக்கு மேலேயும் வீடு இருக்கிறது

நவராத்திரி நடக்கிற ஒன்பது நாளும் கொலு வைத்த கூடம் எப்படி இருக்கிறது, முடிந்தபிறகு படியைப் பிரித்துப் பரணில் ஏற்றிய மறுநாள் அதே கூடம் எப்படி இருக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பொம்மைகள் போன வெறுமை ஒரு பக்கம். அதைவிடப் பெரிதாக வேறு ஒன்று குறைந்திருக்கும். தரையில் ஆரம்பித்து ஆளுயரம் வரை கண் படிப்படியாக ஏறிப் போக ஓர் இடம் இருந்ததே, அது இப்போது இல்லை. சோபா, டீப்பாய், டி.வி. ஸ்டாண்ட் என்று எல்லாம் இடுப்புக்குக் கீழே நின்றுவிடுகிறது, அதற்கு மேலே வெறும் சுவர்.

நம் வீடுகளில் தரையிலிருந்து மேல்தளம் வரை உயரம் பெரும்பாலும் 10 அடி. சோபாவின் முதுகு 3 அடி, சாப்பாட்டு மேசை இரண்டரை அடி, கட்டில் ஒன்றரை அடி, டி.வி. ஸ்டாண்ட் இரண்டு அடிக்குள். காசு போட்டு வாங்கிய சாமான் முழுக்க அறையின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் கிடக்கிறது, மேலே இருக்கிற 7 அடியில் ஒரு கடிகாரமும் ஒரு காலண்டரும்தான். ‘வீடு ஏதோ சப்பென்று இருக்கிறது, இன்னும் ஏதாவது வாங்கணும்’ என்று சொல்கிறவர்கள் வீட்டில் பெரும்பாலும் சாமான் குறைவாக இருப்பதில்லை, எல்லாம் ஒரே மட்டத்தில் முடிவதுதான் சிக்கல். இதைச் சரிசெய்யப் பெரிய செலவு வேண்டாம், இன்டீரியர் ஆட்களும் வேண்டாம். உயரத்தை எப்படிப் பிரிப்பது, சுவரை எப்படிப் பேச வைப்பது என்று எங்கள் 10-க்கு 14 அடி கூடத்தையும், உறவுக்காரர்கள் வீடு நாலைந்தையும் மாற்றிப் பார்த்ததில் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். இதுவரை ஓர் ஆணிகூட அடித்திராதவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு படம் எடுங்கள்

வாசலில் நின்று, கண் உயரத்தில் போனைப் பிடித்து, அறையை ஒரு படம் எடுங்கள். அந்தப் படத்தில் ஒவ்வொரு சாமானின் மேல்விளிம்பையும் தொட்டபடி விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு கிட்டத்தட்ட நேராக ஓடினால் அந்த அறைக்குத்தான் இந்தக் கட்டுரை. ஏறி இறங்கி, ஓரிடத்தில் உச்சிக்குப் போய் மறுபடி இறங்கினால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று அர்த்தம். நேரில் பார்க்கும்போது பழகிய கண்ணுக்கு இது தெரியாது, படத்தில் உடனே தெரியும்.

அப்புறம் சோபாவில் உட்கார்ந்து ஒரு படம், தரையில் உட்கார்ந்து ஒரு படம். நின்றால் கண் சுமார் 5 அடியில் இருக்கும், சோபாவில் உட்கார்ந்தால் மூன்றரை, நாலு அடிக்குள் வந்துவிடும், பாயில் உட்கார்ந்தால் இரண்டரை அடிதான். கூடத்தில் நாம் அதிக நேரம் உட்கார்ந்துதான் இருக்கிறோம். அதனால் எதை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய வேண்டியதும் உட்கார்ந்த கண்தான். சமையலறையும் நடையும் வேறு, அங்கே நிற்கிற கண்ணுக்குச் செய்ய வேண்டும்.

அளவு நாடாவும் ஒரு நோட்டும்

தளத்தின் உயரம், ஜன்னல் அடிக்கட்டை, லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வருகிற கான்க்ரீட் கட்டை), ஸ்விட்ச் போர்டு, சோபா முதுகு ஆகிய ஐந்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். லிண்டல் பெரும்பாலும் 7 அடி, ஜன்னல் அடிக்கட்டை 3 அடி ஒட்டி, ஸ்விட்ச் போர்டு நாலு, நாலரை அடியில் இருக்கும். இந்தக் கோடுகளைக் கொத்தனார் ஏற்கெனவே உங்கள் சுவரில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். நீங்கள் புதிதாக வைக்கிற ஏதாவது ஒன்று இவற்றில் ஒரு கோட்டோடு மட்டம் சேர்ந்தால் அறை அடங்கிய மாதிரி இருக்கும். உதாரணமாக, உயரமான புத்தக அலமாரியின் தலை கதவு நிலையின் தலையோடு 7 அடியில் சேர்ந்துவிட்டால் அது அந்த வீட்டோடு பிறந்த மாதிரி நிற்கும். ஆறே முக்காலில் நின்றால் ஏன் உறுத்துகிறது என்றே தெரியாமல் உறுத்திக்கொண்டிருக்கும்.

உயரத்தைப் பிரிப்பது

சுவரைத் தொடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள், ஏனென்றால் இதற்குக் காசே ஆகாமல் போகலாம். வீட்டில் இருப்பதையே இடம் மாற்றினால் போதும்.

அறைக்கு மூன்று உயரம் வேண்டும். தாழ்வாக ஒன்று, அதாவது ஓர் அடிக்குள்: மனைக்கட்டை, திண்டு, பாய்மெத்தை, தரையில் வைத்த பெரிய செம்புப் பானை. நடுவில் ஒன்று, அது உங்கள் சோபாவும் மேசையும், ஏற்கெனவே இருக்கிறது. உயரமாக ஒன்று, அது 6 அடிக்குக் குறையக் கூடாது: அலமாரி, நின்ற விளக்கு, வளர்ந்த செடி. பெரும்பாலான வீட்டில் நடு உயரம் மட்டும் நாலைந்து இருக்கும், தாழ்வும் இருக்காது, உயரமும் இருக்காது.

உயரமானதை எங்கே வைப்பது? வாசலிலிருந்து பார்த்தால் எதிரே தூரத்தில் தெரிகிற மூலையில். வாசலை ஒட்டிய மூலையில் வைத்தால் நுழையும்போதே இடிக்க வருவது போல இருக்கும், அறையும் சின்னதாகத் தெரியும். ஜன்னலை மறைக்கவும் கூடாது. ஒரு மூலையில் உயரம் வந்துவிட்டால், அதற்குக் குறுக்கே எதிர் மூலையில் தாழ்வான ஒன்றை வைத்துப் பாருங்கள், அறை ஒரு பக்கம் சாயாது. எங்கள் கூடத்தில் புத்தக அலமாரியைப் படுக்கையறையிலிருந்து கொண்டுவந்து தூர மூலையில் நிறுத்தினோம், எதிர் மூலையில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்துவிட்டு அம்மாவின் பழைய மனைக்கட்டையும் ஒரு திண்டும் போட்டோம். ஒரு ரூபாய் செலவில்லை. வந்தவர்கள் பெயின்ட் அடித்தீர்களா என்று கேட்டார்கள்.

6 அடி அலமாரி என்றால் உச்சியில் ஒரு எல் கிளாம்ப் போட்டுச் சுவரோடு பிடித்துவிட வேண்டும். சின்னப் பிள்ளைகள் இழுப்பறையைத் திறந்து அதன்மேல் ஏறுவார்கள், அலமாரி முன்னால் சாயும். இதில் அலட்சியம் வேண்டவே வேண்டாம்.

சின்னச் சாமான்களுக்குக் கொலுப்படிதான் பாடம். உயரமானது பின்னால், குட்டையானது முன்னால், அடுக்கு ஒற்றைப்படை. டி.வி. ஸ்டாண்டின் ஒரு முனையில் மூன்று பொருள் வைக்கிறீர்கள் என்றால், ஒன்று 18 அங்குலம், ஒன்று 11, ஒன்று 5 என்று நன்றாக வித்தியாசம் தெரிய வேண்டும். 10, 9, 8 என்று வைத்தால் கடையில் வரிசையாக அடுக்கியது போல் ஆகிவிடும். குத்துவிளக்கு, அதற்கு முன்னால் ஒரு செம்புச் சொம்பு, பக்கத்தில் ஒரு தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை என்று வைத்துப் பாருங்கள். உயரம் போதவில்லை என்றால் அடியில் இரண்டு கெட்டி அட்டைப் புத்தகத்தைப் படுக்கப் போடுங்கள். மூன்றையும் ஒன்றையொன்று லேசாக மறைக்கும்படி நெருக்கி வையுங்கள், அப்போதுதான் ஒரு கூட்டமாகத் தெரியும். மற்ற முனையைக் காலியாக விடுங்கள். இரண்டு முனையிலும் ஒரே மாதிரி வைக்கக் கை பரபரக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் ஒரு திண்ணை

இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம், கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டு வீடு ஒன்றுக்குள் நடந்து போனால் கால் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். தெருவிலிருந்து படியேறினால் முகப்புத் திண்ணை, நிலைக்கதவைத் தாண்டி உள்ளே போனால் சுற்றிலும் உயர்ந்த தாழ்வாரம், நடுவில் தாழ்ந்த முற்றம். நடக்கிற இடம், உட்கார்கிற இடம், மழை விழுகிற இடம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மட்டம். நடுவில் சுவரே இல்லாமல் தரையின் உயரத்தை வைத்தே இடத்தைப் பிரித்திருக்கிறார்கள். நம் ஊர் ஓட்டு வீடுகளிலும் அப்படித்தான், தாழ்வாரத்தின் இறவாணத்துக்குக் கீழே தலை குனிந்து வந்து முற்றத்தில் நிமிர்ந்தால் வானம் சட்டென்று உயரமாகிவிடும். ஃப்ளாட்டில் முழுத் தரையும் ஒரே டைல்ஸ், ஒரே மட்டம், அதனால்தான் கூடம் எங்கே முடிகிறது, சாப்பிடுகிற இடம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் எல்லாம் ஒன்றாகக் கிடக்கிறது.

ஜன்னலோரத்தில் ஒரு மூலையை மட்டும் உயர்த்துங்கள். இரண்டு வகையில் செய்யலாம். ஒன்று, 16 முதல் 18 அங்குல உயரத்தில் ஜன்னல் அகலத்துக்கு ஒரு திண்ணை, அதாவது உட்கார்ந்தால் கால் தரையில் படுகிற உயரம். ஆழம் 20 அங்குலமாவது வேண்டும், காலை மடக்கி உட்கார 24 இருந்தால் நல்லது. தச்சரிடம் சொல்லி 18 அல்லது 19 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் பெட்டியாகச் செய்துகொண்டால் உள்ளே பாய், தலையணை எல்லாம் போட்டு வைக்கலாம். நீளம் 4 அடி என்றால் நடுவில் குறுக்குச் சட்டம் ஒன்று வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பேர் உட்கார்ந்ததும் பலகை தொய்யும். திண்ணை உயர்ந்த அளவு ஜன்னல் அடிக்கட்டை தாழ்ந்துவிடும், பிள்ளைகள் அதன்மேல் ஏறி நிற்பார்கள். மாடி வீடு என்றால் ஜன்னல் கம்பி இல்லாத இடத்தில் இதைச் செய்யாதீர்கள்.

இன்னொன்று மேடை: 6 அங்குல உயரத்தில், குறைந்தது 5 அடிக்கு 4 அடி, அதன்மேல் பாயும் திண்டும். 6 அங்குலம் என்பது மாடிப்படி ஒன்றின் உயரம், கால் அதை அறியும். 2, 3 அங்குலம் மட்டும் உயர்த்தினால் கண்ணுக்கும் தெரியாது, காலுக்கும் தெரியாது, இடறி விழுவார்கள். நடக்கிற வழியில் மேடை வரவே கூடாது, மூலையில்தான். ஓரத்தில் வேறு நிறத்தில் ஒரு பட்டை வைத்துவிடுங்கள். வீட்டில் முதியவர்கள் இருந்து, பார்வையோ முழங்காலோ சரியில்லை என்றால் மேடையை விட்டுவிட்டு முதலில் சொன்ன திண்ணையைச் செய்யுங்கள், அது அவர்களுக்கும் உட்கார வசதி.

ஊஞ்சல் போட ஆசை இருந்தால் ஒரு வார்த்தை. தளம் போடும்போதே கொக்கி வைத்த வீடு என்றால் கவலையில்லை. இல்லாத வீட்டில் துளைக்குள் செருகுகிற சாதாரண பிளக்கும் ஸ்க்ரூவும் போட்டு ஊஞ்சலை மாட்ட வேண்டாம், ஆள் உட்கார்ந்து ஆடுகிற பாரம் அது. கட்டுமானப் பொறியாளர் ஒருவர் பார்த்து, பீமில் எங்கே, எந்த ஆங்கர் என்று சொன்ன பிறகுதான்.

எந்தச் சுவர்?

ஒரே ஒரு சுவர். நாலு சுவரிலும் ஏதாவது செய்தால் எதையும் பார்க்கத் தோன்றாது. வாசலில் நுழைந்ததும் எதிரில் படுகிற சுவர், அல்லது சோபாவுக்குப் பின்சுவர், இரண்டில் ஒன்று. மூன்று கதவும் ஒரு ஜன்னலும் உள்ள சுவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள், அது ஏற்கெனவே துண்டு துண்டாக இருக்கிறது.

தேர்ந்தெடுத்ததும் ஓதம் இருக்கிறதா என்று பாருங்கள். அடியில் பெயின்ட் பொரிந்திருந்தாலோ, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலோ, பின்னால் குளியலறை இருந்தாலோ சந்தேகப்படுங்கள். ஓர் அடிச் சதுர பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள், தாளின் உட்பக்கம் நீர்முத்து கட்டியிருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. அந்தச் சுவரில் பேனலோ வால்பேப்பரோ போட்டால் பின்னால் பூஞ்சை பிடிக்கும், வெளியே தெரியும்போது நேரம் கடந்திருக்கும். கசிவைச் சரிசெய்துவிட்டு, சுவர் காய்ந்தபிறகு வாருங்கள். கரையான் வருகிற வீடு என்றால் மரமும், மரநாரை அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப். பலகையும் சுவரில் வேண்டாம்.

சுவரில் என்ன செய்யலாம்

எளிதானதிலிருந்து ஆரம்பிக்கிறேன். பெயின்ட். சுவரின் கீழ்ப்பகுதிக்கு ஒரு நிறம், மேலே வெளிர் நிறம். கிராமத்து வீட்டில் சுண்ணாம்பு அடித்த சுவரின் அடியில் காவிப்பட்டை ஓடுமே, அதேதான். பட்டையின் உயரம் மூன்று, மூன்றரை அடிக்குள் இருக்கட்டும், அதாவது மூன்றில் ஒரு பங்கு. 5 அடியில் பாதிக்குப் பாதி பிரித்தால் பழைய ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தின் ஞாபகம் வந்துவிடும். கோட்டை ரசமட்டம் வைத்தோ, டியூபில் தண்ணீர் பிடித்தோ எடுங்கள். தரையை வைத்து அளக்காதீர்கள், தரை சில வீட்டில் மட்டமாக இருக்காது. மாஸ்கிங் டேப் ஒட்டி அடித்து, பெயின்ட் முழுக்கக் காய்வதற்கு முன்பே டேப்பை உரித்துவிடுங்கள், விளிம்பு பிசிறில்லாமல் வரும்.

திரைச்சீலையும் சுவர் வேலையில் சேர்த்திதான். நம் வீட்டில் கம்பியை லிண்டலுக்கு நேர் மேலே, 7 அடியில் மாட்டுவோம். அதை 9 அடிக்குக் கொஞ்சம் மேலே ஏற்றி, கடையில் 9 அடி நீளத் திரை வாங்கி, தரையிலிருந்து அரை அங்குலம் மட்டும் விட்டுத் தொங்கவிடுங்கள். ஜன்னல் அதே ஜன்னல்தான், அறை ஓர் அடி உயர்ந்துவிடும். இத்தனை சுலபமாக இவ்வளவு பலன் தருகிற இன்னொரு வேலை எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது படங்கள். பழைய வீடுகளில் தாத்தா பாட்டி படங்களைக் கதவு நிலைக்கு மேலே மாட்டி, மேல்பக்கத்தை முன்னால் சாய்த்திருப்பார்கள், கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியட்டும் என்று. அந்த உயரம் நம் கையில் ஒட்டிக்கொண்டுவிட்டது, சாய்வு மட்டும் போய்விட்டது. இப்போது 7 அடியில் சுவரோடு சுவராக மாட்டி, யாரும் பார்ப்பதில்லை. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்தில் வரட்டும். சோபாவுக்கு மேலே என்றால் சட்டத்தின் கீழ்விளிம்பு சோபா முதுகிலிருந்து 6, 8 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், அதற்கு மேல் போனால் படம் தனியாக மிதக்கும். அகலம் சோபாவில் மூன்றில் இரண்டு பங்கு. 6 அடி சோபா என்றால் 4 அடி, அதை ஒரே படமாக வைக்கலாம், அல்லது ஐந்தாறு சின்னப் படங்களை இரண்டிரண்டரை அங்குல இடைவெளியில் நெருக்கி ஒரே படம்போலப் பாவிக்கலாம். மாட்டுவதற்கு முன் செய்தித்தாளை அந்தந்த அளவில் வெட்டி டேப்பால் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். போகும்போதும் வரும்போதும் பார்த்து நகர்த்தலாம், தாளில் துளை விழுந்தால் பரவாயில்லை.

படம்தான் என்று இல்லை. திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் நெய்கிற கோரைப்பாயில் நல்ல வேலைப்பாடுள்ள ஒன்றை, மேலும் கீழும் மரச்சட்டம் கொடுத்து நெடுக்கில் தொங்கவிட்டால் 5, 6 அடி உயரத்துக்குச் சுவர் பேசும். கோரைக்கு வெயில் ஆகாது, நேர்வெயில் படாத சுவராகப் பாருங்கள். மூங்கில் தட்டு, சின்ன முறம், செட்டிநாட்டு ஓலைக் கூடையான கொட்டான் எல்லாம் வெவ்வேறு அளவில் ஏழெட்டு சேர்த்து, பெரியது நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி, மற்றவை அதைச் சுற்றி என்று மாட்டலாம். எடை கிடையாது, சின்ன ஆணி போதும். இவை சுவரிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் வெளியே நிற்பதால் நிழல் விழும், அந்த நிழல்தான் அழகு.

செல்ஃப். இங்கே ஒரு தவறு எல்லா வீட்டிலும் நடக்கிறது. மூன்று செல்ஃப் வாங்கி, ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே நீளத்தில், ஒரே இடைவெளியில் மாட்டிவிடுகிறோம். நீளத்தை மாற்றுங்கள், ஒன்று 4 அடி, ஒன்று இரண்டரை, ஒன்று ஒன்றரை. இடைவெளியையும் மாற்றுங்கள், ஓரிடத்தில் 14 அங்குலம், ஓரிடத்தில் 10. முனைகள் ஒரே நேர்கோட்டில் வர வேண்டியதில்லை. புத்தகம் வைப்பதாக இருந்தால் ஓர் அடி நீளத்துக்கு 8, 10 கிலோ வரை வரும், அதனால் ஒரு பிராக்கெட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டரை அடிக்கு மேல் இடைவெளி கூடாது. பழைய வீட்டில் சுவரில் பதித்த கடப்பா கல் அடுக்கு இருந்தால் இடித்துவிடாதீர்கள். பின்சுவருக்கு மட்டும் அடர்த்தியான ஒரு நிறம் அடித்து, ஓர் அடுக்கில் புத்தகம், ஓர் அடுக்கில் ஒரே ஒரு செம்புப் பாத்திரம் என்று வைத்துப் பாருங்கள்.

மாடம். விளக்கு வைக்கச் சுவரில் குடைந்த மாடம் எல்லார் மனதிலும் இருக்கும். 9 அங்குலச் செங்கல் சுவர் என்றால் பாதிச் செங்கலை விட்டு நாலு, நாலரை அங்குல ஆழத்துக்கு மாடம் எடுக்கலாம், ஆனால் அது கட்டும்போதே செய்ய வேண்டியது. 1970-களில் திருவனந்தபுரத்தில் வேலை செய்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் செங்கல் சுவரையே துளையும் இருக்கையுமாகக் கட்டிக் காட்டினார், அதெல்லாம் சுவர் எழும்போதே யோசித்தது. கட்டி முடித்த சுவரைக் குடையாதீர்கள், அது பாரம் தாங்குகிற சுவராக இருக்கலாம். ஃப்ளாட்டில் பல உட்சுவர் நாலரை அங்குலம்தான், குடைந்தால் அந்தப் பக்கம் வந்துவிடும். அதற்குப் பதில் சுவருக்கு முன்னால் 5 அங்குல ஆழத்தில் ப்ளைவுட் பெட்டி அடித்து, அதில் மாடத்தை விட்டுவிட்டு மற்றதை மூடிப் பட்டி பார்த்து அதே பெயின்ட் அடித்தால் குடைந்த மாதிரியே இருக்கும்.

பீடிங் வேலையைத் தைரியமுள்ளவர்கள் தாங்களே செய்யலாம். மெல்லிய மரச்சட்டத்தையோ பி.வி.சி. சட்டத்தையோ சுவரில் செவ்வகம் செவ்வகமாக ஒட்டி, சுவரின் நிறத்தையே அதற்கும் அடிப்பது. செவ்வகங்களுக்கு நடுவே 3, 4 அங்குல இடைவெளி எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்க வேண்டும், இதில் மட்டும் வித்தியாசம் கூடாது. ஸ்விட்ச் போர்டு சட்டத்தில் மோதாதபடி முதலில் டேப்பில் வரைந்து பாருங்கள். மூலையை 45 டிகிரியில் அறுக்க ஒரு சின்ன அறுப்புப் பெட்டி போதும். இடுக்கை நிரப்பித் தேய்த்து, பிறகு பெயின்ட். கோடு கோடாக வருகிற ரெடிமேட் பேனலைப் பற்றி அதிகம் சொல்லத் தோன்றவில்லை. எங்கே பார்த்தாலும் அதுதான் இருக்கிறது, முழுச் சுவருக்கும் போட்டால் கடை மாதிரி ஆகிவிடுகிறது. போடுவதானால் 2 அடி, 3 அடி அகலத்தில் தரையிலிருந்து தளம் வரை ஒரு பட்டையாக மட்டும் போடுங்கள், உயரமாவது கிடைக்கும்.

துளை போடுவதற்கு முன்

ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடக் கூடாது, ஒயர் பைப் அந்த வழியாகத்தான் போகும். எங்கள் வீட்டில் ஒரு படம் மாட்ட போர்டுக்கு மேலே நான் காட்டிய இடத்தில் டிரில் இறங்கியது, ஒயர் அறுந்து அறை இருண்டது, சுவரை நாலடி நீளத்துக்கு உடைத்து ஒயர் மாற்ற வேண்டியதாகிவிட்டது. யாருக்கும் ஷாக் அடிக்காதது பெரிய விஷயம். அதற்கப்புறம் அந்தச் சுவரின் மின் இணைப்பைத் துண்டிக்காமல் டிரில்லை எடுப்பதில்லை, டிரில்லுக்கு மின்சாரம் இணைப்பு இருக்கிற பக்கத்து அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்துத்தான். குளியலறைச் சுவரின் மறுபக்கத்திலும் வேண்டாம், தண்ணீர்க் குழாய் ஓடும்.

செங்கல் சுவரில் 8 மில்லிமீட்டர் துளை, அதே அளவு பிளக். பூச்சு அரை அங்குலம் இருக்கும், பிளக் அதைத் தாண்டிச் செங்கலுக்குள் உட்கார வேண்டும், பூச்சில் மட்டும் நின்றால் ஒரு நாள் மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டு வரும். துளையிலிருந்து சிவப்புத் தூள் வந்தால் செங்கல். சாம்பல் தூள் வந்து, டிரில் இறங்க மறுத்தால் கான்க்ரீட், கம்பி இருக்கலாம், ஒன்றிரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள். வெள்ளையாக மாவு போலக் கொட்டி, வெண்ணெயில் போவது போல இறங்கினால் அது காற்றுத் துளைகள் நிறைந்த லேசான ஏ.ஏ.சி. பிளாக். அதில் டிரில்லின் ஹேமரை அணைத்துவிட்டுத் துளை போட வேண்டும், சாதாரண பிளக் பிடிக்காது, அந்த பிளாக்குக்கென்றே விற்கிற பிளக்கைக் கேட்டு வாங்குங்கள். புது ஃப்ளாட்களில் பெரும்பாலும் இதுதான் என்பதால் பாரமான செல்ஃப் மாட்டும் முன் கட்டியவர்களிடம் கேட்டுவிடுவது நல்லது.

வாடகை வீடா? வீட்டுக்காரர் ஆணிக்குச் சம்மதிக்கவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். 6 அடி மர ஏணி ஒன்றைச் சுவரில் சாய்த்து, கால் வழுக்காமல் அடியில் ரப்பர் ஒட்டி, அதன் படிகளில் துண்டும் கூடையும் தொங்கவிடலாம். பெரிய படத்தை அலமாரியின் மேலோ டி.வி. ஸ்டாண்டின் மேலோ வைத்துச் சுவரில் சாய்க்கலாம். முன்பு சொன்ன திண்ணைப் பெட்டியையும் போகும்போது எடுத்துக்கொண்டு போகலாம்.

விளக்கு

தளத்தின் நடுவில் ஒரே டியூப்லைட் எரிந்தால் மேலே சொன்ன எதுவும் தெரியாது. எல்லாப் பக்கமும் ஒரே வெளிச்சம், நிழல் இல்லை. உயரத்தைப் பிரித்தது போலவே விளக்கையும் பிரியுங்கள். சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கவிட்டால் பலகையிலிருந்து 30, 34 அங்குல உயரத்தில். சோபா பக்கத்தில் நின்ற விளக்கு. தாழ்ந்த மூலையில், திண்ணைக்குப் பக்கத்தில், தரையோடு ஒன்று. பல்ப் வாங்கும்போது டப்பாவில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று பார்த்து வாங்குங்கள், அது மஞ்சள் வெளிச்சம், செம்புக்கும் மரத்துக்கும் அதுதான் பொருந்தும்.

செங்கல் டைல்ஸ், கொட்டான், பாய் போல மேடுபள்ளம் உள்ள சுவர் என்றால் விளக்கைச் சுவரை ஒட்டி, 6, 8 அங்குலத்தில், மேலிருந்து கீழே அடிக்கும்படி வையுங்கள், ஒவ்வொரு மேடும் நிழலோடு எழும். வெறும் பெயின்ட் சுவரில் இதைச் செய்யாதீர்கள், பட்டி பார்த்தவர் விட்ட ஒவ்வொரு கோணலும் தெரியும். அங்கே இரண்டு, இரண்டரை அடி தள்ளி வைத்தால் மென்மையாகப் பரவும்.

ஃபால்ஸ் சீலிங் பற்றிக் கேட்பார்கள். 10 அடி அறையில் முழுத் தளத்தையும் இறக்க வேண்டாம், ஃபேன் தலைக்கு அருகில் வந்துவிடும், அறையும் அமுங்கும். நுழைகிற இடத்திலோ சாப்பாட்டு மேசைக்கு மேலோ மட்டும் இறக்கினால், அங்கிருந்து கூடத்துக்கு வரும்போது தாழ்வாரத்திலிருந்து முற்றத்துக்கு வந்த மாதிரி ஒரு விரிவு கிடைக்கும்.

எல்லாம் முடிந்ததும் பழைய இடத்திலேயே நின்று அதே படத்தை மறுபடி எடுங்கள், விரலால் கோடு இழுத்துப் பாருங்கள். எங்கேயாவது இரண்டு உச்சி பக்கத்தில் பக்கத்தில் வந்திருந்தால் ஒன்றை நகர்த்துங்கள். கொலு வைக்கிற வீடாக இருந்தால் ஒரு சுவரில் 4, 5 அடி அகலத்துக்கு ஒன்றும் மாட்டாமல் விட்டு வையுங்கள், பக்கத்தில் சீரியல் விளக்குக்கு ஒரு பிளக் பாயின்ட் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் அந்த இடத்தில் மனைக்கட்டை ஒன்று மட்டும் கிடக்கட்டும், புரட்டாசியில் படி ஏறும்.